நாலாம் வகுப்பின் மேற்குச் சுவர்

விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு கிறீச்சிட்டால் சாவியம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் பதினோரு சாவி கோத்த வளையம் இடுப்பில் ஏறிய நாளிலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. முதலில் கழிவறை. குழாயடியில் வாளியை நிரப்பித் தூக்கினால் கைப்பிடிக் கம்பி விரலை அறுக்கும். எட்டு வாளி. பிறகு பினாயில் நெடி கண்ணைக் கரிக்கக் குனிந்து தேய்த்து நிமிரும்போது இடுப்பெலும்பு சொடக்குப் போடும். அது முடிந்தால் ஐந்து வகுப்பறை, ஒரு தாழ்வாரம், சமையல்கூடம், முற்றம். வேலை ஆறு மணி நேரம், சம்பளம் மூன்று மணி நேரத்துக்கு. இந்த அளவுப் பள்ளியைப் பெருக்க மூன்று மணி நேரம் போதும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்திருந்தது. எழுதின மகராசன் ஒரு நாள் வந்து பெருக்கிக் காட்டட்டும், அன்றைக்கு அவனுக்கு நானே ஊட்டி விடுகிறேன் என்று சமையல்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று நாலாம் வகுப்பைத் திறந்ததும் சாவியம்மா துடைப்பத்தை எடுக்கவில்லை. நேராக மேற்குச் சுவர் ஓரம் போய்க் குந்தித் தரையை உள்ளங்கையால் தடவினாள். கரும்பலகைக்குக் கீழே எப்போதும் சாக்கட்டித் தூள் கிடக்கும். அது மாவாக வழுக்கும். இது நறநறத்தது. மணலும் சிமெண்டுப் பொடியும். போன மாதம் ஒரு சிட்டிகை இருந்தது, போன வாரம் ஒரு கைப்பிடி. இன்று கூட்டி அள்ளியபோது முறத்தில் பாதி நிறைந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். சுவர் இளநீல நிறத்தில் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நின்றது. எங்கிருந்து உதிர்கிறது என்றே தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே எங்கோ மணல் சரிகிற ஓசை, மெல்ல, நின்று நின்று. சுவரை ஒட்டிய முதல் பெஞ்சில் இடது ஓரம் அவள் மகள் உட்காரும் இடம். அந்த அறையில் மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள்.

பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டதுதான் கொடுமை. அந்தச் சுவரை இப்படி அழகாக்கியதில் அவள் கையும் இருந்தது.

போன நீண்ட விடுமுறையிலேயே அங்கே விரிசல் இருந்தது. கூரையிலிருந்து கரும்பலகை வரைக்கும், சுண்டுவிரல் நுழைகிற அகலம். பள்ளிக்குழு கூடி, பழுது பார்க்கப் பணம் கேட்டு எழுதியது. வந்ததோ வண்ணம் பூசுவதற்கான பணம். எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே இளநீலமாக இருக்க வேண்டுமாம். அந்தப் பணத்தில் ஒரு கரண்டி சிமெண்டு வாங்கினாலும் குற்றம் என்று கூடவே எச்சரிக்கையும் வந்தது. பூச வந்த பெயிண்டர் சாவியம்மாவின் கொழுந்தன். அவன் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது.

"அண்ணி, இந்த விரிசல் மேல அப்படியே அடிச்சா என் பேரு நாறிப் போயிடும்" என்றான்.

தன் வேலை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்கிற கிறுக்கு அவனுக்கு. அவளுக்கும் அதே கிறுக்குதான். அவன் விரிசல் அடைக்கும் பட்டி மாவைக் குழைத்துக் கொடுக்க, அவள் ஏணியில் ஏறி விரிசலுக்குள் விரலால் திணித்தாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தாள். மூன்று நாள் கூலியில்லாமல் அண்ணியும் கொழுந்தனும் அந்த ஒரு சுவரோடு மல்லுக்கட்டினார்கள். முடிந்தபோது தலைமையாசிரியரே வாய்விட்டுப் பாராட்டினார். படம் எடுத்து மேலே அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மேலிடம் பதில் போட்டது: கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, பழுது விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. உதவி செய்யப் போய் உபத்திரவத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

காலை மணி அடிப்பதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. ஆய்வு அதிகாரி இறங்கினார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் தண்ணீர்ப் புட்டியும் ஒரு கோப்பும். குரலை உயர்த்தாத மனிதர். தலைமையாசிரியர் ஓடி வந்து அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். பள்ளிக்குழுத் தலைவரான தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்து நின்றார்.

"பாடம் நடத்தற தொடுதிரை நாளைக்குக் காலையில வந்துடும். நாலாம் வகுப்புதான் தேர்வாகியிருக்கு. கரும்பலகையை எடுத்துட்டு அதே இடத்துல மாட்டணும்" என்றார் அதிகாரி.

"எவ்வளவு கனம் சார்?" என்றார் தையல்காரர்.

"ரெண்டு ஆள் தூக்கற கனம். பன்னிரண்டு துளை போட்டு இறுக்கிடுவாங்க. பயப்படாதீங்க."

வாசலில் முறத்தோடு நின்ற சாவியம்மா அதைக் கேட்டாள். யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து முறத்தை மேசைமேல் வைத்தாள்.

"சார், இது இன்னிக்கு ஒரு நாள் உதிர்ந்தது. அந்தச் சுவத்துல துளை போடாதீங்க. உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல."

அதிகாரி முறத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது யாரு?"

"துப்புரவுப் பணியாளர்" என்றார் தலைமையாசிரியர் மென்று விழுங்கி.

"அம்மா, கட்டடம் நல்லா இருக்குன்னு இந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்துதான் படம் வந்திருக்கு. சுவத்துல ஒரு கோடு கூட இல்ல. உங்க பேச்சை நம்பறதா, படத்தை நம்பறதா?"

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி அதை அடைச்சதே நான்தான் சார்."

"அப்ப அதை எழுத்துல கொடுங்க. பொய்யான படம் அனுப்பினதுக்குத் தலைமையாசிரியர் மேலதான் முதல் நடவடிக்கை வரும்."

தலைமையாசிரியரின் முகம் செத்துப்போயிற்று. ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "திரைக்கு வந்த பணத்துல கால்வாசி போதும் சார், இந்தச் சுவத்தை இடிச்சுப் புதுசாவே கட்டிடலாம். இங்க என்ன தேவைன்னு இங்க இருக்கறவனுக்குத்தானே தெரியும்? முன்னாடி அப்படித்தான் நாங்களே கூடி முடிவு பண்ணுவோம்."

"முன்னாடி என்ன நடந்துதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் அதிகாரி. முதல் தடவையாக அவர் குரலில் சூடு ஏறியது. "ஒரு ஊர்ல பள்ளிக்கூடத்து சிமெண்டுல குழுத் தலைவர் வீட்டு மாடி எழும்பிச்சு. பிள்ளைங்க மூணு வருஷம் மரத்தடியில படிச்சாங்க. அந்த விசாரணையில நானும் இருந்தேன். அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். எதுக்கு வந்த பணமோ அதுக்குத்தான். உங்களுக்காக வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைப்பாங்க."

"எவனோ திருடினான்னு எங்க கையைக் கட்டிட்டீங்க."

"உங்க மேல ஏற்கெனவே ஒரு விசாரணை ஓடுது இல்ல?" என்று அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

ஓடத்தான் செய்தது. பெண் பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவில்லாமல் இருந்ததால், பந்து வாங்க வந்த பணத்தில் கதவு வாங்கிப் போட்டிருந்தார் தையல்காரர். பந்து எங்கே என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் அளவு நாடாவை விரலில் இறுகச் சுற்றினார்.

"நாளைக்குக் கடைசி நாள்" என்று அதிகாரி எழுந்தார். "திரை மாட்டலைன்னா பணம் திரும்பிப் போயிடும். அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கு எந்தப் பணமும் வராது. மூடறதுக்கான பட்டியல்ல பேர் ஏறினாலும் ஏறும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு அம்மா, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. நீங்க பெருக்கற வேலையைப் பாருங்க. காலையில ஆளுங்க வரும்போது கதவு திறந்திருக்கணும்."

வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். பிறகு வழக்கம்போல மணி அடிக்கச் சொன்னார். நாற்பத்தொரு பிள்ளைகளும் அந்த அறைக்குள் போனார்கள். சாவியம்மாவின் மகள் தன் இடத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவள் முற்றத்துப் பக்கம் ஒதுங்கிப்போனாள்.

மதியம் அது நடந்தது. சமையல்காரம்மா ஆவி பறக்கும் பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை வழிவிடச் சொல்லி அதட்டியபடி தாழ்வாரத்தில் வந்தாள். நாலாம் வகுப்பு மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் அது. தலைக்கு மேலே பொத்தென்று ஒரு சத்தம். முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவள் வலது தோளில் இறங்கியது. பாத்திரத்தை அவள் விடவில்லை. விட்டிருந்தால் கொதிக்கிற சாப்பாடு முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகள் மேல் கொட்டியிருக்கும். மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத்தான் சரிந்து உட்கார்ந்தாள். வெள்ளைத் தூசி அவள் தலைமுடியையும் இமையையும் மூடியிருந்தது.

"ஏண்டி, எனக்கும் பெயிண்ட் அடிச்சிட்டாங்களா?" என்றாள் ஓடி வந்த சாவியம்மாவிடம். சொல்லி முடிப்பதற்குள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தலைமையாசிரியர் அதிகாரிக்கு ஃபோன் போட்டார். விபத்துப் படிவத்தில் மாணவர் காயம் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆசிரியர் காயம் என்று ஒரு பகுதி இருக்கிறது, சமையல்காரருக்கு என்று தனியாக எதுவும் இல்லை, பார்க்கலாம் என்று பதில் வந்தது. திரை விஷயத்தில் மாற்றமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தையல்காரரின் கடையில் கூடினார்கள். பத்தடிக்கு எட்டடிக் கடை. வெட்டுத் துணிக் குவியலின் மேலும் வாசல் படியிலும் தெருவிலுமாகப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முப்பது பேர். ஆளாளுக்குப் பேசினார்கள். பிள்ளையை அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்றது ஒரு குரல். அனுப்பாவிட்டால் வருகை குறைந்துவிட்டது என்று அதைச் சாக்காக வைத்தே மூடிவிடுவார்கள் என்றது இன்னொன்று. போய்க் காலில் விழுவோம் என்றார் ஒரு பெரியவர்.

"விழப் போனா, நம்ம கால்ல கிடக்கற செருப்பை எந்தப் பணத்துல வாங்கினீங்கன்னு கேப்பாங்க" என்றாள் சமையல்காரம்மா. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே வந்திருந்தாள். அழ வந்தவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள்.

சாவியம்மா சிரிக்கவில்லை. தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாத்துக்கும் நான்தான் காரணம்" என்றாள். "சுவரு வாயைத் திறந்து காட்டிச்சு. நான் ஏணி போட்டு ஏறி அதை அடைச்சேன். பாக்கறவங்க பாராட்டணும்னு தேச்சுத் தேச்சு அடைச்சேன். அக்கா தோள் உடைஞ்சது என் கையால. நாளைக்கு என் பொண்ணு மேல விழுந்தாலும் என் கையாலதான்."

"நிறுத்துங்க அண்ணி" என்று கொழுந்தன் குறுக்கே பாய்ந்தான். "பட்டி குழைச்சது யாரு? நீங்க அழகுக்கு அடைச்சீங்க, நான் என் பேருக்காக அடைச்சேன். நமக்கு வந்ததெல்லாம் பெயிண்ட் காசு. அதை வெச்சு எதைப் பண்ண முடியுமோ அதைப் பண்ணினோம். அடைச்ச கையாலயே பிரிச்சுட்டாப் போச்சு. காலையில அவங்க வர்றதுக்குள்ள சுரண்டி எடுத்துடலாம். உள்ள இருக்கறதைக் கண்ணால பாக்கட்டும்."

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தையல்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியரை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நான் இங்க வரவே இல்ல, எதையும் கேக்கவும் இல்ல" என்றார். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார். "ஆனா காலையில பிள்ளைங்களை முற்றத்துல உட்கார வைக்கிறேன். அதுக்கு எவனும் என்னைக் கேக்க முடியாது."

"சாவி?" என்றார் தையல்காரர்.

"சாவி என் இடுப்புல இருக்கு. இருக்கற வரைக்கும் அந்த அறைக்குள்ள ஒரு துளை விழாது" என்றாள் சாவியம்மா. சொல்லிவிட்டாளே ஒழிய, அந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. பயத்தோடுதான் சொன்னாள்.

மறுநாள் இருள் பிரியும்போது இரும்புக் கதவுக்கு வெளியே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். கையில் தகடு, கரண்டி, தோசைத்திருப்பி, உளி என்று கிடைத்ததெல்லாம் இருந்தது. பெஞ்சுகளையும் கரும்பலகையையும் முதலில் வெளியே தூக்கினார்கள். பிறகு நான்கு கட்டைகளைச் சாய்த்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். கொழுந்தன் தட்டிப் பார்த்து, எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று சாக்கட்டியால் கோடு போட்டான். ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. சாவியம்மா ஏணியில் ஏறித் தகட்டை வைத்து இழுத்தாள். இளநீலம் சுருள் சுருளாக உரிந்தது. அடியில் அவள் வைத்த பட்டி கட்டிகட்டியாக வந்து விழுந்தது. வாயில் தூசி கசந்தது. சுரண்டுகிற ஓசையும், நடுநடுவே சுவருக்குள் மணல் சரிகிற ஓசையும்தான் கேட்டன. அந்த இரண்டாவது ஓசை வரும்போதெல்லாம் எல்லாக் கைகளும் அப்படியே நின்றன.

விரிசல் சுண்டுவிரல் அகலத்தில் இல்லை. முழுக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. கூரையிலிருந்து இறங்கி, கரும்பலகை இருந்த இடத்தில் கிளை பிரிந்து தரை வரை ஓடியது. செங்கற்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் சும்மா அடுக்கி வைத்தது போல இருந்தன. வெளியே வெயில் ஏறியதும், தாழ்வாரத்து வெளிச்சம் அதன் வழியாக வகுப்பறைக்குள் கோடாக விழுந்தது. மகள் உட்காரும் இடத்தில் அந்தக் கோடு கிடந்ததைப் பார்த்துச் சாவியம்மா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் ஒரு பூச்சை நம்பிப் பிள்ளையை அங்கே உட்கார வைத்திருந்தோம் என்று நினைத்து அழுதாள்.

எட்டு மணிக்குத் திரையோடு வண்டி வந்தது. துளை போடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார். வேறெங்கிருந்தோ வந்தவர். ஒரு திரைக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். உள்ளே போய்ப் பார்த்தவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மெஷினின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல துளை போட்டா முதல்ல என் மேலதான் விழும்" என்றார். "நேத்து வந்திருந்தா போட்டிருப்பேன். வெளியில பளபளன்னு இருந்திருக்கும்."

அதிகாரி வந்தபோது நாற்பத்தொரு பிள்ளைகளும் முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் பெற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவர் அறை வாசல் வரை போனார். விரிசலைப் பார்த்தார். முட்டுக்கட்டைகளைப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடிக்காமலே மூடினார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் வேறொரு மனிதன் தெரிந்தான். பிறகு கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"கட்டடத்தைப் பத்தி மேல எழுதறேன். என்ன பதில் வரும்னு சொல்ல முடியாது. ஆனா அரசாங்கச் சுவரைச் சுரண்டினதுக்கு இன்னிக்கே அறிக்கை போகணும். இல்லாட்டி என் வேலை போயிடும். யார் பண்ணினது?"

"நான்தான் சார்" என்று சாவியம்மா முன்னால் வந்தாள்.

தலைமையாசிரியர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சுவரை நல்ல சுவர்னு படம் அனுப்பினது நான். என் பேரையும் எழுதுங்க."

"என் பேரு, எங்க அண்ணி பேருக்குக் கீழ" என்றான் கொழுந்தன்.

"இதுல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்றார் அதிகாரி எரிச்சலாக. "பொறுப்பாளர் பெயர். ஒண்ணுதான்."

தையல்காரர் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு மாதமாகப் படிவங்களோடே குடித்தனம் நடத்துகிற மனிதர். "கீழ பாருங்க சார், இடம் போதலைன்னா தனித்தாள் இணைக்கலாம்னு உங்க ஆளுங்களே அச்சடிச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு அவரே ஒரு தாளில் முதல் கையெழுத்தைப் போட்டார். விசாரணை நடக்கிற ஆள் இன்னொரு கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே போட்டார். அடுத்து சாவியம்மா போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை தானாக உருவாகித் தாழ்வாரம் தாண்டி முற்றத்தில் இறங்கியது. சமையல்காரம்மா இடது கையால் பேனாவைப் பிடித்து, எழுத்து கோழி கிளறினது மாதிரி வருகிறது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுதினாள். மெஷின்காரர் இரண்டு தடவை வண்டிப் பக்கம் நடந்து இரண்டு தடவையும் திரும்பி வந்தார். கடைசியில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்.

"உனக்கு இங்க என்னய்யா வேலை?" என்றார் அதிகாரி.

"நான் துளை போட மாட்டேன்னு சொன்னதையும் எங்கயாவது எழுதணும் இல்ல சார்?"

அறைக்குள்ளே மறுபடியும் மணல் சரிந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது, அதிகாரிக்கும். பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தனை பேர் பேரோட இது மேல போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள் சாவியம்மா. "போகலைன்னா என்ன ஆகும்னு தெரியும்."

அவள் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து அடுத்தவரிடம் நீட்டினாள்.